சிவப்பைப் பார்த்து

பேன்ட் பைக்குள் அவள் கை எண்ணிக்கொண்டே இருந்தது.

பத்தொன்பது.

நனைந்த சிவப்புத் துணிக் கீற்றுகள். நேற்று மலையேறும்போது முன்னால் போன இம்மானுவேல் வழி தெரிவதற்காகக் கிளைகளில் கட்டியவை. இறங்கும்போது கடைசியில் வந்த அவள் ஒவ்வொன்றாக அவிழ்த்தவை.

ஞாயிறுதோறும் அப்படித்தான். கிடக்கிற குப்பையைப் பொறுக்க வேண்டும். கட்டிய துணியை அவிழ்க்க வேண்டும். மலையில் எதையும் விட்டுவரக் கூடாது. குழுவின் பனியன் முதுகில் அச்சடித்திருப்பதும் அதுதான்.

நேற்று ஒருவரை விட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

சௌந்தரபாண்டி. அறுபது வயது. முதல் தடவை வந்தவர்.

ஜீப்பில் ஏறும்போதுதான் ஓர் இடம் காலியாக இருப்பது தெரிந்தது.

விடிந்து இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. செக்போஸ்ட்டுக்கு மேலே மலை இல்லை, பனிதான். தேடுகிறவர்கள் ஓடைக்குக் கீழே நாணலுக்குள் விசில் ஊதிக்கொண்டிருந்தார்கள்.

அங்கே தேடச் சொன்னது அவள்.

தலை எண்ணுவது அவள் வேலை. புல்மேட்டில் கிளம்பும்போது ஒரு தடவை எண்ணினாள். ஓடையைத் தாண்டும்போது ஒரு தடவை. பனியில் முகங்கள் தெரியவில்லை. குழுவின் நீல மழைக்கோட்டுகள் தெரிந்தன. இரண்டு தடவையும் பன்னிரண்டு.

கணக்குச் சரியாக இருந்ததால்தான் அவிழ்க்கத் தொடங்கினாள்.

ஒரு வாய் டீக்கு வந்த வனத்துறை வாட்சர் மாசாணம், மழைக்கோட்டைக் கழற்றி உதறினார்.

நீலம்.

அவள் பார்ப்பதைப் பார்த்து, போன மாதம் இம்மானுவேல் கொடுத்தது என்றார். நேற்று மேலிருந்து தனியாக இறங்க அலுப்பாக இருந்ததாம். பேச்சுத் துணைக்குப் புல்மேட்டிலேயே அவர்கள் வரிசையின் நடுவில் புகுந்துகொண்டாராம். ஓடையைத் தாண்டியதும் தன் குடிசைப் பக்கம் பிரிந்துவிட்டாராம்.

"என்னையும் சேத்துத்தானே எண்ணுன தாயி. சோத்துப் பொட்டலம்தான் குடுக்கல."

சிரிப்பு பாதியில் நின்றது. டம்ளரைக் கீழே வைத்தார்.

சௌந்தரபாண்டி ஓடைக்கு வரவே இல்லை.

அவள் கடைசியாகப் பார்த்தபோது புல்மேட்டின் ஓரத்தில், புதருக்குள் கிடந்த பாட்டில்களுக்காகக் குனிந்திருந்தார். சாக்கு நிறையாமல் வந்தால் டீ கிடையாது என்று அவள்தான் கிண்டல் செய்திருந்தாள். அவரும் சரிங்க மேடம் என்று சல்யூட் அடித்திருந்தார்.

அவர் சாக்கை நிறைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால், மரம் மரமாக, அவள் வழியை அவிழ்த்துக்கொண்டு இறங்கியிருக்கிறாள்.

பெஞ்சில் அவர் மனைவி இருந்தார். முதல் பஸ்ஸில் வந்தவர். மடியில் ஒரு பிளாஸ்க். வந்ததிலிருந்து அதைத் திறக்கவில்லை. கணவர் வந்ததும் சூடாக ஏதாவது கேட்பார் என்று மட்டும் சொல்லியிருந்தார்.

இவள் முகத்தைப் பார்த்து இவளுக்கு ஆறுதல் சொன்னார்.

"பயப்படாதம்மா. செவப்புத் துணியப் பாத்து நடக்கணுமாம்னு நேத்து மத்தியானம் மேல இருந்து போன்ல சொன்னாரு. அப்புறம் லைன் கெடைக்கல. சொன்ன சொல்லைத் தட்ட மாட்டாரு. செவப்பு எங்க தெரியுதோ, நேரா அங்கதான் போவாரு."

பைக்குள் கை நின்றது.

புல்மேட்டுக்கு மேற்கே, புல் முடிந்து வெறும் காற்று தொடங்கும் இடத்தில், ஓர் ஒற்றை மரம். அதில் வாட்சர்கள் கட்டிய துணி. அகலமானது. பனியிலும் தெரியும். இந்தப் பக்கம் வராதே என்பதற்கு. முன்னால் போனவர்களிடம் இம்மானுவேல் அதைச் சொன்னார். பின்னால் வந்தவரிடம் சொல்லியிருக்க வேண்டியவள் அவள்.

அது எப்போதும் இருக்கும் துணி. அதை யாரும் அவிழ்ப்பதில்லை.

அதுவும் சிவப்பு.

"மேக்கால," என்றாள்.

மாசாணம் அவளைப் பார்த்தார். பிறகு அந்த அம்மாளைப் பார்க்காமல் உள்ளே போனார்.

வெளியே வரும்போது கயிற்றுச் சுருள் தோளில் கிடந்தது. கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

அந்த அம்மாள் பிளாஸ்கின் மூடியை இன்னொரு சுற்று இறுக்கினார்.