பாதைக்குக் குறுக்கே ஒரு நூல்

உப்புவெளிக் கடற்கரையில் டொக்டர் சுஹைரா புதிதாக வாங்கிய காணியில் மேசன் மதிலுக்கு நூல் கட்டுகிறார். காலை வெயில் மணலில் வெள்ளையாய்க் கிடக்கிறது. கடலிலிருந்து றோட்டுக்கு ஏறும் ஒற்றையடிப் பாதை காணிக்குள், அதன் ஓரத்தால் போகிறது. நூல் அதற்குக் குறுக்கே இறுகி நிற்பதைக் கண்டு, மீன்பெட்டி கட்டிய சைக்கிளோடு வந்த குலசிங்கம் அப்படியே நின்றுவிடுகிறார். பெட்டியிலிருந்து உப்புத்தண்ணீர் அவர் காலில் சொட்டுகிறது. "ஐயா, நீங்கள் இதாலயே போறனீங்கள்?" என்று, வீட்டு வரைபடத்தோடு மேசனுக்குப் பக்கத்தில் நிற்கும் சுஹைரா கேட்கிறார். "ஓம் டொக்டர். மற்றப் பாதையை ஹோட்டல்காரர் அடைச்சுப்போட்டினம். சுத்திப் போனால் இந்த வெயிலுக்கு மீன் தாங்காது." பிரேக்கைப் பிடித்த அவர் விரல்கள் தளரவில்லை. சுஹைரா வரைபடத்தை ஒருதரம் பார்க்கிறார்; பிறகு மடித்துக் கக்கத்தில் வைக்கிறார். "மேசன், நூலை உள்ளுக்கு எடுங்கோ. பாதை இருக்கட்டும்." "காணி குறையுமே, மிஸ்." "குறையட்டும். சனம் நடக்கிற இடம்." மேசன் நூல் கட்டிய முளையைப் பிடுங்கி நாலடி உள்ளே தள்ளி அடிக்கிறார். குலசிங்கம் சிரிக்கிறார். முன்னால் ஒருவருமே இல்லாத பாதையில் இரண்டு தரம் மணியடித்துக்கொண்டு சைக்கிளை உருட்டிப் போகிறார்.