காணாமல் போன பூனைக்கு ஒரு போஸ்டர்

புதிதாகக் குடிவந்த எதிர்வீட்டு அக்காவின் கதவைப் படபடவென்று தட்டினேன். அழுத கண்ணோடு திறந்தார்.

"பூனை கெடைச்சிருச்சா?"

"தேடுறதுக்குப் போஸ்டர் ரெடிக்கா!"

"காலையில கேட்டதுடா!"

டிசைன் படிப்பில் சேர்ந்து முழுதாக ஒரு மாதம் ஆன மேதை நான். 'காணவில்லை' என்ற ஒரே வார்த்தைக்குப் பொருத்தமான ஃபான்ட் தேடியதிலேயே மதியம் போய்விட்டது.

போஸ்டரைப் பார்த்தவர் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"அய்யோ, என் செல்லம்! காதுல இருக்கிற வெட்டுகூடத் தெரியுதே! நான் குடுத்த மங்கல் போட்டோவை எப்படிடா இவ்வளவு தெளிவாக்கினே?"



"இது உங்க போட்டோ இல்லக்கா. அது பிரின்டுக்குத் தாங்காதுன்னு, மொட்டைமாடியில திரிஞ்ச ஏதோ ஒரு கறுப்புப் பூனையைப் படம் எடுத்தேன்."

"இப்ப எங்கடா அது?"

"படம் எடுத்து முடிச்சதும்... விரட்டி விட்டுட்டேன்க்கா."