உதட்டில் தொட்ட பால்

ஜெபசீலி குறைமாதத்தில் பெற்ற மகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். அங்கே தாய்மார் எல்லோரும் தங்கள் பாலைப் பீய்ச்சிப் பொதுவில் கொடுத்துவிட வேண்டும். எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு என்பதை இயந்திரம் தீர்மானிக்கும். அன்று காலை மகளின் குழாயில் வெறும் குளுக்கோஸ் தண்ணீர் ஓடுவதைப் பார்த்து அவள் பதறிப்போனாள்.

“சிஸ்டர், எம்பிள்ளைக்குப் பாலு எங்க?”

நர்ஸ் ரெஜினா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “மெஷின் நிறுத்திட்டுதும்மா. பொழைக்கும்னு தெரியுற பிள்ளைகளுக்குத்தான் பாலு. அதான் ரூல்.”

“அப்ப நான் குடுத்த பாலு?”

ரெஜினா ஜன்னலோரப் பெட்டியைக் காட்டினாள். யாரோ பெற்ற ஆண்பிள்ளை அதில் கன்னம் உப்பித் தூங்கிக்கொண்டிருந்தான்.

பால் கொடுக்க மறுத்தால் வார்டுக்குள்ளேயே விடமாட்டார்கள். ஜெபசீலி போய்ப் பீய்ச்சிக் கொடுத்தாள். கடைசிச் சொட்டுகளை மட்டும் உள்ளங்கையில் ஏந்தி வந்து, பெட்டிக்குள் கைவிட்டு, விரலால் தொட்டு மகளின் உதட்டில் வைத்தாள். உடனே பெட்டி அலறியது. ஓடிவந்த ரெஜினா ஒரு கணம் திகைத்து நின்றாள். பிறகு அலாரத்தை அணைத்துவிட்டு, பெட்டியைப் பார்த்திருந்த கேமராவை மறைத்தபடி திரும்பி நின்றுகொண்டாள்.

“சீக்கிரம்,” என்றாள்.

குழந்தை உதட்டை நக்கியது. பிறகு விரலையே மெதுவாகச் சப்பத் தொடங்கியது.

பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வாசலில் காத்திருந்த கணவன் சாலமோன், துணியில் சுற்றிய மகளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

“பசியோட போகலங்க,” என்றாள் ஜெபசீலி. “எம்பாலக் குடிச்சிட்டுத்தான் போனா.”