ஒரு பக்கமாய் ஏறும் நூல்

"இனிமே இந்த ரீலு மக்கர் பண்ணாது, நேசம்" என்று சொல்லிவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என் வீட்டுக்காரர் கட்டிலில் சாய்ந்தார்.

நல்ல சேதிதான். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது.

ஜேம்ஸ்ராஜ் என்று பெயர். முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டினவர். ரிட்டையர் ஆன மறுநாள் தூத்துக்குடிக்குப் போய் ஒரு தூண்டில் வாங்கிவந்தார். கம்பு, ரீல், நரம்பு எல்லாம் சேர்த்து. கோவில்பட்டியில் குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்று நாங்கள் குடத்தோடு காத்துக் கிடக்கிறோம். இந்தத் தண்ணியில்லாக் காட்டில் இவர் மீன் பிடிக்கிறாராம்!

வாரம் ஒருநாள் பஸ் ஏறி, குளத்தூர் தாண்டிக் கடற்கரைக்குப் போவார். கர்த்தர் மனம் வைத்தால் ரெண்டு கிழங்கான் மீன் கிடைக்கும்.

நான் நூல் மில்லில் இருபத்தாறு வருஷம் கோன் சுற்றினவள். அவர் நரம்பு என்பது எனக்கு நூல்தான்.

தை மாதம் ஒரு காலையில் என் கையிலிருந்து காபி டம்ளர் நழுவியது. அதன்பிறகு வலது கை என் பேச்சைக் கேட்கவில்லை. பத்து நாள் ஆஸ்பத்திரி. நடை திரும்பியது. வாய் போகவே இல்லை, போயிருந்தால் இவருக்கு நிம்மதி. விரல்கள் மட்டும் வரவில்லை. வேலை கொடுத்தால்தான் வரும், விட்டால் இப்படியே நின்றுபோகும் என்றார் டாக்டர்.

அமுக்கச் சொல்லி ஒரு ரப்பர் பந்து கொடுத்தார்கள். மூன்றாம் நாள் அதைக் கட்டிலுக்கடியில் எறிந்தேன். புருஷன் சோறு ஊட்டிவிட வேண்டியிருக்கிறது, இதில் பந்து விளையாட்டு ஒரு கேடா?

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் அவர் ரீலோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏட்டி, நூலு ஒரு பக்கமாவே ஏறுது. முன்னால குமிஞ்சு வழியுது, வீசினா சிக்கு விழுது. நீ பெரிய மில்லுக்காரில்லா, பாரு."

கண்ணுக்கு அது ஒரு நொடி வேலை. நூல் சுற்றும் உருளை கடுகளவு உள்ளே இறங்கி உட்கார்ந்திருந்தது. அடியில் மெல்லிய வாஷர் ஒன்று போட்டுத் தூக்கிவிட்டால் சமமாகப் படியும். வாஷர் டப்பாவை அவரே தயாராக வைத்திருந்தார்.

அந்த வாஷர் என் விரலிலிருந்து பதினேழு தடவை கீழே விழுந்தது. "சவத்தைக் கொண்டுபோய்க் கடலில் போடுங்க" என்று ஏசினேன். குனிந்து குனிந்து எடுத்துக் கொடுத்தார்.

பதினெட்டாவது தடவை போய் உட்கார்ந்தது.

அப்புறம் நூல் முழுவதையும் அவிழ்த்து மறுபடி சுற்ற வேண்டும். அதற்கு ரெண்டு ஆள் வேண்டும். அவர் நுனியைப் பிடித்துக்கொண்டு தெருக்கோடி அடிபம்பு வரை போனார். நான் வாசலில் நாற்காலி போட்டு வலது கையால் சுற்றினேன். இடது பக்கம் இருந்த கைப்பிடி எப்போது வலது பக்கத்துக்கு மாறியது என்று அன்றைக்கு யோசிக்கவில்லை. நூல் தொய்யாமல் துண்டால் பிடித்தபடி, நான் சுற்றச் சுற்ற அவர் என்னைப் பார்த்து நடந்துவந்தார்.

"என்ன அண்ணாச்சி, தெருவுல மீன் ஓடுதா?" என்றாள் எதிர்வீட்டுப் பாலம்மாள்.

"மீனு நான்தாம்மா. அவ அங்கன உக்காந்து இழுக்கா."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இந்த வயசில்! அவர் முதல் டிரிப்புக்குக் கிளம்பும்போது நான் நைட் ஷிப்ட் முடிந்து வருவேன். வீட்டுச் சாவியைக் கைமாற்றிக்கொண்டதுதான் நாங்கள் நடத்திய குடும்பம். அவர் என்னைப் பார்த்து இவ்வளவு தூரம் நடந்துவந்து நான் கண்டதே இல்லை.

அடுத்த சனிக்கிழமையும் நூல் ஒரு பக்கமாக ஏறியது. அதற்கடுத்த சனிக்கிழமையும். புது ரீல், கிழமை பார்த்துக் கெடுமா?

சித்திரையில் அவர் சட்டையைத் துவைக்க எடுத்தேன். பையில் ஆறு வாஷர்.

கோட்டிக்கார மனுசன்! நான் உயிரைக் கொடுத்து மாட்டியதை ஒவ்வொரு வாரமும் தானே கழற்றியிருக்கிறார். நல்லா நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்றுதான் எழுந்தேன். எழுந்தவள் துவைக்கிற கல்லிலேயே உட்கார்ந்து அழுதேன். சட்டை காய்ந்ததும் ஆறையும் அதே பையில் போட்டுவிட்டேன். அவரிடம் கேட்கவில்லை.

இந்தப் புதன்கிழமை ஊசியில் நூல் கோத்தேன். வலது கையால், முதல் தடவையிலேயே. பார்த்துக்கொண்டு நின்றவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார். அதனால்தான் இன்றைக்கு ரீல் சரியாகிவிட்டது.

சந்தோஷம்தான். யார் இல்லை என்றார்கள்? ஆனால் இன்றைக்கும் சனிக்கிழமை.

அவர் குறட்டை விட ஆரம்பித்தார்.

நாலு மணிக்கு எழுந்து காபி குடித்தார். ரீலை எடுத்து நாலு முழம் நூலை உருவிவிட்டு, சும்மா சுற்றிப் பார்த்தார்.

முன்னால் குமிந்தது.

புருவத்தைச் சுருக்கினார். மறுபடி உருவிச் சுற்றினார். மறுபடியும் குமிந்தது. ஆணியில் தொங்கிய சட்டையிடம் போய்ப் பைக்குள் கையை விட்டார். அவர் கழற்றி வைத்ததெல்லாம் அங்கேயேதான் இருந்தது. திரும்பி என்னைப் பார்த்தார்.

"என்ன முழிக்கீங்க? வெயில் தாந்துட்டு. நுனியைப் பிடிச்சிக்கிட்டு நடங்க."

ரீலில் இருக்க வேண்டிய வாஷர் என் முந்தானை முடிச்சில் இருந்தது. முடிச்சு நான் போட்டதுதான், இறுக்கமாகவே விழுந்திருந்தது.

அவர் நூல் நுனியைப் பிடித்துக்கொண்டு அடிபம்பை நோக்கி நடந்தார். நான் வாசலில் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.