சுமிரேயின் முறை

துப்புரவு நேரத்துப் பாட்டு ஒலிபெருக்கியில் தொடங்கியதும் எங்கள் நான்காம் வகுப்பு மொத்தமும் தலையில் வெள்ளைத் துணியைக் கட்டிக்கொள்கிறது. யாருக்கு எந்த வேலை என்று சொல்லும் அட்டைச் சக்கரத்தை வாராவாரம் நான்தான் திருப்புகிறேன். அதில் சுமிரேயின் பெயர் மட்டும் மூன்று வருடமாக ‘மேற்பார்வை’யிலேயே ஒட்டிக்கிடந்தது. போன வாரம் அவளே அதைப் பிய்த்து ‘தாழ்வாரம்’ என்பதற்கு எதிரே ஒட்டிவிட்டாள். ஜன்னலுக்கு வெளியே குவிந்த பனியின் வெளிச்சம் ஈரப் பலகைகளில் வழுக்குகிறது. மற்றவர்கள் துணியில் இரு கையையும் ஊன்றி, குனிந்தபடி ஓடித் துடைக்கிறார்கள். சுமிரே தன் சக்கர நாற்காலியின் பின்னால் ஒரு கட்டையைக் கட்டி அதில் ஈரத் துணியைச் சுற்றியிருக்கிறாள். சக்கரத் தடத்தையும் அதுவே அழித்துக்கொண்டு வருகிறது. “போதும்மா, கொஞ்சம் உட்காரு,” என்று வாய் தவறிச் சொல்லிவிடுகிறேன். “நான் எப்ப டீச்சர் எழுந்தேன்?” தாழ்வாரமே சிரிக்கிறது. குழுத் தலைவி வகானா மட்டும் சிரிக்கவில்லை. இடுப்பில் கைவைத்து மூலையைக் காட்டுகிறாள். “ஏய் சுமிரே, அங்க தூசி அப்படியே கிடக்கு. துடைக்கிற லட்சணமா இது? மறுபடி பண்ணு!” ஓடிக்கொண்டிருந்த துணிகளெல்லாம் சட்டென்று நிற்கின்றன. ‘விடு வகானா’ என்று நாக்கின் நுனிவரை வந்ததை விழுங்குகிறேன். சுமிரேயின் காது சிவக்கிறது. “பண்றேன்டி, கத்தாத!” பள்ளிக்கு வந்த நாளிலிருந்து இன்றுதான் முதன்முதலாகத் திட்டு வாங்கியிருக்கிறாள், அந்தப் பெருமையில் நாற்காலியை ஒரே சுழற்றாகச் சுழற்றி மூலையை நோக்கித் திருப்புகிறாள்.