ஒரு வரி கீழே

“ஆகஸ்ட் 12, செவ்வாய். அர்த்தங்களை ஒரு வரி கீழே தள்ளி எழுதிவிட்டேன். சின்னத் தவறு.” நாட்குறிப்பில் இதை எழுதிய இனியா, ‘சின்ன’ என்பதை மட்டும் அடிக்கிறாள். செங்கம் சாலை மாடியில் மாலை ஆங்கில வகுப்பு முடிந்து பெஞ்சுகள் காலியாகின்றன. ஜன்னலில் மலை கறுத்துக்கொண்டு வருகிறது. கீழே ஷேர் ஆட்டோக்கள் ஓயாமல் ஹாரன் அடிக்கின்றன. ஓ, யு, ஜி, எச் சேர்ந்து வரும் இருபது வார்த்தைகளை ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுத் தொகுத்தவளும், தோழி சைலஜாவுக்கு நகல் எடுத்துக் கொடுத்தவளும் அவள்தான். எதிரே சைலஜா கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிக்கிறாள்.

“ரஃப்னா இருமல். டஃப்னா சொரசொரப்பு. இனஃப்னா கடினம்.”

“ஐயோ, நிறுத்துடி! அத்தனையும் தப்பு. வரி மாறிப்போச்சு.”

“மூணு நாளா மனப்பாடம் பண்ணிருக்கேன்டி! நாளைக்குப் பத்து மணிக்கு கெஸ்ட்ஹவுஸ்ல இன்டர்வியூ. அதை நடத்துற வெள்ளைக்காரம்மா இருமினா, ‘ரஃப்பா மேடம்’னு கேட்டிருப்பேன். இதுக்கு ஸ்கேல் ஒண்ணுதான் கேடு!”

சைலஜா வார்த்தைப் பட்டியல் இருந்த நோட்டைப் பிடுங்கி நகத்தால் வரி வரியாகத் தேய்க்கிறாள். உதடுகள் பழையதையே முணுமுணுக்கின்றன. இனியா பேனாவைத் திறந்து நாட்குறிப்பில் அந்த வரிக்கு அடியில் எழுதுகிறாள்: “நாளை காலை ஆறு மணி, சைலஜா வீடு. இருபதையும் முதலிலிருந்து.”