ஐம்பத்தொன்றாவது ஆள்

சார்ஜெண்டுகள் நான்கு பேர், கார்ப்பரல்கள் ஏழு பேர், முரசடிப்பவன் ஒருவன், சிப்பாய்கள் முப்பத்தொன்பது பேர்.

முதல் சார்ஜெண்ட் ஆரின் பீஸ்லி காலை வருகைப் பட்டியலை மறுபடியும் கூட்டிப் பார்த்தான். ஐம்பத்தொன்றுதான்.

ஐம்பது என்றால் போச்சு. ஐம்பத்தொரு பேர் இல்லாத கம்பெனிக்கு இரண்டாம் லெப்டினன்ட் கிடையாது. ஆரினை அந்தப் பதவிக்கு நியமித்து வெர்மாண்ட் மாநில கவர்னர் கையெழுத்திட்ட தாள் மூன்று மாதமாக அவன் சட்டைக்குள் மடிப்பு மடிப்பாகக் கிழிந்துகொண்டிருந்தது. தலை எண்ணிப் பதவியேற்க வைக்கும் அதிகாரி நாளைக் காலையில் வருகிறார்.

"வழி விடுங்கப்பா, 'நாளைக்கு லெப்டினன்ட்' வர்றாரு!"

அவரைக்கொட்டை வேகும் பானைப் பக்கமிருந்து எவனோ கத்தினான். மூன்று மாதமாக அதுதான் ஆரினுக்குப் பட்டப்பெயர்.

ஆரின் சிரிக்கவில்லை. கேப்டனின் மச்சினனும் இதே கம்பெனியில் சார்ஜெண்ட். எண்ணிக்கை கூடும்போதெல்லாம் கேப்டன் யாரையாவது கழித்துவிடுவார். ஒருவன் வண்டியோட்டப் போனான், ஒருவன் பீரங்கிப் படைக்கு. வசந்தத்தில் புது ஆட்கள் வந்ததும் லெப்டினன்ட் இடம் மச்சினனுக்கு. இது தெரியாத மடையனா ஆரின்?

சிப்பாய் லைமன் வந்து நின்றான். கம்பளியைத் தலையோடு போர்த்தியிருந்தான். இருமி முடித்துத்தான் பேச முடிந்தது.

"பட்டாளத்துலேர்ந்து விடுதலை வந்துடுச்சு சார்ஜெண்ட். மத்தியான ரயிலுக்குக் கிளம்புறேன்."

தாளில் கேப்டனின் கையெழுத்து. நேற்றைய தேதி.

வேறு நாளே கிடைக்கவில்லையா?

"யாருடா உன்னைக் கேக்கச் சொன்னது? அந்த மச்சினனா?"

லைமன் விழித்தான். "என்ன சார்ஜெண்ட் இப்படிக் கேக்குறீங்க? எனக்கு எழுத வராதுன்னு நீங்கதானே மனு எழுதிக் குடுத்தீங்க?"

தாளோடு அந்த மனுவும் இருந்தது. கம்பெனியில் ஐம்பத்தாறு பேர் இருந்தபோது ஆரின் தன் கையால் எழுதியது.

'நெஞ்சு கெட்டுவிட்டது. நெருப்பில்லாமல் ஓர் இரவு கழிந்தால் பிழைக்க மாட்டான்.'

கேப்டனின் குடில் சன்னலில் திரை அசைந்தது. பார்க்கட்டும்.

இரண்டையும் மடித்து, கவர்னரின் தாளோடு சேர்த்துச் சட்டைக்குள் வைத்தான். காவலுக்கு நின்றவனைக் கூப்பிட்டான்.

"கள்ளத் தாளைக் காட்டி ஓடப் பாக்குறான். அடைச்சு வை."

அடைபட்டவனும் தலைக்கணக்கில் உண்டு.

லாயத்தை ஒட்டிய கொட்டடி. முகாமிலேயே அடுப்பில்லாத அறை அது ஒன்றுதான். லைமன் முரண்டு பிடிக்கவில்லை. உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தான்.

"எப்ப விடுவீங்க சார்ஜெண்ட்?"

"நாளைக்கு" என்றான் ஆரின்.

காவல்காரனிடமிருந்து சாவியை வாங்கி, அவனே கதவைச் சாத்திப் பூட்டினான்.